செம்முடி: ஒரு நிறத்தின் சமூக வரலாறு

கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சார்ந்த கிரேக்கச் சிந்தனையாளரான செனோபனீஸ், எத்தியோப்பியர் தம் கடவுளரைக் கருநிறத்தினராகவும் திரேசியர் தம் கடவுளரை நீலக் கண்ணும் செம்முடியும் உடையோராகவும் கருதுகின்றனர் என எடுத்துக்காட்டினார். மனிதர் தமது சாயலையே தெய்வத்தின்மீது ஏற்றுகின்றனர் என்பது அவர் கொண்ட கருத்து. கடவுட் கொள்கை பற்றிய விமர்சனமாக எழுந்த இக்கூற்று, செம்முடியின் வரலாற்றை ஆராய்வார்க்கும் தக்கதொரு தொடக்கமாக அமைகின்றது. உலக மக்களுள் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவரிடத்து மாத்திரமே காணப்படுவதாகக் கணிக்கப்படும் இந்நிறம், தெய்வத்தின் சாயலாகவும் துரோகியின் அடையாளமாகவும், நாகரிகமற்றோரின் குறியாகவும் அரசியின் மாட்சியாகவும் மாறிமாறிப் பொருள் கொள்ளப்பட்டு வந்துள்ளது. முடியின் இயல்பு மாறாதிருக்க, அதற்குக் கற்பிக்கப்பட்ட பொருள் ஏன் இவ்வாறு மாறிற்று என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

முதற்கண், செம்முடி எனப்படுவது யாதெனத் தெளிவுபடுத்துதல் வேண்டும். தமிழில் செம்பட்டை என்னுஞ் சொல் பெரும்பாலும் எண்ணெய் காணாது வெயிலில் வெளிறிய முடியையே சுட்டும். புரதப் போசாக்குக் குறைவினாலும் குழந்தைகளின் கருமுடி செந்நிறம் அடைவதுண்டு. இவை பிறந்தபின் நேரும் மாற்றங்கள். இக்கட்டுரை கருதுவதோ, பிறப்பிலேயே அமைந்து பரம்பரை வழியாகக் கடத்தப்படும் செம்பு நிறம் ஒத்த முடியையாகும். இது அயர்லாந்து, ஸ்கொட்லாந்து முதலிய வடமேற்கு ஐரோப்பிய நாடுகளில் மிகுதியாகவும், வொல்கா ஆற்றை அடுத்து வாழும் உட்மூர்த் மக்களிடையே குறிப்பிடத்தக்க அளவிலும், வட ஆபிரிக்காவின் பேர்பர் மக்களிடையேயும் யூதரிடையேயும் ஓரளவிலும் காணப்படுகின்றது.

பண்டை எகிப்தியருக்குச் செந்நிறம் பாலைநிலத்தின் நிறம். ஒழுங்கின்மைக்கும் புயலுக்கும் உரிய சேத் என்னும் தெய்வத்தின் நிறம். தன் உடன்பிறந்தானாகிய ஒசிரிசைக் கொன்றவனாகப் புராணம் கூறும் சேத் அச்சத்துக்குரியவனாயினும், நைல் கழிமுகத்தின் கிழக்குப் பகுதியில் வழிபடப்பட்டான். அப்பகுதியிலிருந்து எழுந்த அரச மரபினரே சேத்தின் பெயரைத் தம் பெயராகக் கொண்ட முதலாம் சேத்தியும் அவன் மகன் இரண்டாம் ராம்சேசும் ஆவர். 1976இல் ராம்சேசின் உடல் பாதுகாப்புச் சிகிச்சைக்காகப் பாரிசு நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது அவனது முடி நுணுக்குக்காட்டியால் ஆராயப்பட்டது. முதுமையில் நரைத்துச் சாயம் ஏற்றப்பட்டிருந்த அம்முடி இளமையிற் செந்நிறமாய் இருந்தது என ஆய்வாளர் முடிவு செய்தனர். ஒரே நிறம் ஓரிடத்து அச்சத்தையும் பிறிதோரிடத்து அரச மரபின் காவற்றெய்வத்தையும் நினைவூட்டியது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

கிரேக்க, உரோம ஆசிரியர்களிடத்துச் செம்முடி அயலாரை இனங்காட்டும் குறியாயிற்று. கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த புதினி என்னும் மக்களை ஹெரொடோற்றஸ் அவ்வாறே வருணித்தார். கி.பி. 98 அளவில் தன் மாமனாரின் வரலாற்றை எழுதிய தசிற்றஸ், ஸ்கொட்லாந்துப் பகுதியில் வாழ்ந்த கலிடோனியரின் செம்முடியையும் பேருடலையும் சான்றாகக் காட்டி, அவர்கள் ஜேர்மானிய வழியினர் என வாதிட்டார். உடற்குறியைக் கொண்டு இனத்தின் தோற்றத்தை முடிவு செய்யும் போக்குக்கு இது பழையதோர் எடுத்துக்காட்டாகும். ஆயின் அக்குறி எத்துணை எளிதிற் புனையத்தக்கது என்பதையும் உரோமரே காட்டியுள்ளனர். ஜேர்மானியரை வென்றதாக வெற்றி ஊர்வலம் நடத்த விரும்பிய பேரரசன் கலிகுலா, உயரமான கோல் நாட்டவரைத் தேர்ந்து, அவர்களது முடியை வளர்க்கச் செய்து, செந்நிறம் ஊட்டி, ஜேர்மானிய மொழியையும் கற்பித்தான் எனச் சூற்றோனியஸ் எழுதியுள்ளார். மறுபுறம், சிறைப்பட்ட ஜேர்மானியப் பெண்களின் கூந்தல் உரோமச் சீமாட்டிகளின் பொய்முடிக்கு உதவியமையை ஓவிட்டின் காதற் கவிதைகளால் அறிகின்றோம். கொழுப்பும் சாம்பரும் சேர்த்து முடியைச் சிவப்பாக்கக் கோல் நாட்டவர் கண்ட கலவை பற்றிப் பிளினி குறிப்பிடுகின்றார். போர்க்களத்தில் உரோமர் அஞ்சிய நிறத்தை அவர்தம் மனைவியர் சந்தையில் விலைகொடுத்து வாங்கினர்.

இடைக்கால ஐரோப்பாவில் இந்நிறம் சமயச் சார்பான பொருளைப் பெற்றது. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் முடி பற்றி நற்செய்தி நூல்கள் யாதும் கூறவில்லை. எனினும் ஓவியரும் நாடகக்காரரும் அவனுக்குச் செம்முடியையும் செந்தாடியையும் அளித்தனர். யூதர் மீதான பகைமை வளர்ந்த சூழலில் அவ்வடையாளம் ஒருவனிலிருந்து ஓரினத்துக்கு விரிந்தது. ஷேக்ஸ்பியரின் ஷைலொக் ஆங்கில மேடையில் நெடுங்காலம் சிவந்த பொய்முடியுடனேயே தோன்றினான். 1814இல் எட்மண்ட் கீன் என்னும் நடிகர் கருநிற முடியுடன் அப்பாத்திரத்தை ஏற்று நடித்தமை அம்மரபை உடைத்த நிகழ்ச்சியாகக் கருதப்படுகின்றது. பாத்திரத்தை நகைப்புக்குரியவனாகவன்றித் துயருறும் மனிதனாகக் காட்ட விரும்பிய கீன், முதலில் அகற்றியவற்றுள் ஒன்று அவனது முடியின் நிறம் என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

அதே ஐரோப்பாவில் மறுமலர்ச்சிக் கால ஓவியர் திசியன், மனந்திரும்பிய மகதலா மரியாளைச் செம்பொன்னிறக் கூந்தல் உடலை மறைக்கத் தீட்டினார். வெனிஸ் நகரப் பெண்கள் வீட்டுக் கூரைமேல் அமைந்த மேடைகளிலிருந்து, நடுப்பாகமற்ற தொப்பியணிந்து, மருந்து தடவிய கூந்தலை வெயிலில் வெளுக்கச் செய்தமையைச் செசாரே வெச்செல்லியோ 1590இல் வெளியிட்ட ஆடையணி நூலில் விவரித்துள்ளார். இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத்துக்கு (1558–1603) செம்முடி அரசியல் முக்கியத்துவமும் உடையதாயிற்று. தாய் ஆன் பொலின் 1536இல் மரண தண்டனை பெற, மகள் முறைப்படி பிறவாதவள் என அறிவிக்கப்பட்டாள். அத்தகையவளுக்குத் தந்தை எட்டாம் ஹென்றியை ஒத்த முடி, தான் அரச குருதியினள் என்பதற்குக் கண்கூடான சான்றாக அமைந்தது. முதுமையிலும் அவள் செந்நிறப் பொய்முடி அணிந்து காட்சி தந்தாள். ஷைலொக்கின் தலையில் இகழ்ச்சியாக இருந்தது அரசியின் தலையில் உரிமைச் சான்றாக விளங்கிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருவேறு போக்குகள் ஒருங்கே செயற்பட்டன. ஒன்று, அளவீட்டுப் போக்கு. பிரிஸ்ரல் நகர வைத்தியரான யோன் பெடோ 1885இல் வெளியிட்ட 'பிரித்தானிய இனங்கள்' என்னும் நூலில், மக்களின் முடி நிறங்களை எண்ணிக் 'கருமைச் சுட்டெண்' ஒன்றை அமைத்தார். கபில முடியினர் தொகையுடன் கருமுடியினர் தொகையை இரட்டித்துக் கூட்டி, வெண்பொன் முடியினரையும் செம்முடியினரையும் கழித்துப் பெறுவதே அச்சுட்டெண். தசிற்றசின் ஊகம் இங்கு கணிதத்தின் தோற்றத்தைப் பெற்றது. எண்கள் துல்லியமாயினும், முடி நிறத்தால் இனத்தை வரையறுக்கலாம் என்னும் அடிப்படை எடுகோள் ஆராயப்படாமலே விடப்பட்டது.

மற்றையது, அழகுணர்ச்சியின் போக்கு. 1848இல் இலண்டனில் தோன்றிய ரபேலுக்கு முற்பட்ட ஓவியப் பாணியைப் போற்றிய இளைஞர் குழுவினர், அக்கால ஆங்கிலச் சமூகம் குறையாகக் கருதிய செம்முடியை அழகின் இலக்கணமாக உயர்த்தினர். தொப்பிக் கடையொன்றில் வேலை செய்த எலிசபெத் சிடல் இவர்களது ஓவியங்களுக்கு மாதிரியானார். மில்லெய் 1851–52இல் தீட்டிய 'ஒபீலியா' ஓவியத்துக்காக நீர்த்தொட்டியிற் கிடந்து, நீர் குளிர்ந்தமையால் நோயுற்றார். 1878இல் 'அழகுக் கலை' என்னும் நூலை எழுதிய ஹவெயிஸ் அம்மையார், முன்னர் இழிவெனக் கருதப்பட்ட செம்முடி இவ்வோவியர்களால் நாகரிகமாயிற்று எனக் குறித்தார்.

ஆயின் இப்புகழ்ச்சியையும் ஐயமின்றி ஏற்றல் இயலாது. சிடல் தாமே ஓவியரும் கவிஞருமாவார். கலை விமர்சகர் ரஸ்கின் 1855இல் அவரது படைப்புகளுக்காக ஆண்டுக்கு 150 பவுண் வழங்க முன்வந்தார். 1862இல் அபின் கலந்த மருந்து மிகையானதால் அவர் இறக்க, கணவர் றொசெற்றி தம் கவிதைக் கையெழுத்துப் படியை அவருடன் புதைத்து, 1869இல் கல்லறையைத் திறப்பித்து மீட்டார். இறந்த பின்னும் வளர்ந்த செங்கூந்தல் பேழையை நிறைத்திருந்தது எனக் கதை பரவிற்று. இறந்தவர் முடி வளர்வதில்லை. எனினும் அக்கதை நிலைத்தது. சிடலின் ஓவியங்களோ நெடுங்காலம் மறக்கப்பட்டன. இகழ்ந்தோர் போலவே புகழ்ந்தோரும் முடியைக் கண்டு மனிதரைக் காணாது விட்டனர் எனலாம்.

இவ்வாறு பல்வேறு பொருள்களைச் சுமந்த நிறத்தின் உயிரியல் அடிப்படை மிக எளியது. முடியின் நிறத்தைத் தருவது மெலனின் என்னும் நிறப்பொருள். கருமையும் கபிலமும் தரும் யூமெலனின், செம்மஞ்சள் தரும் பியோமெலனின் என அது இருவகைப்படும். இவற்றை ஆக்கும் நிறக்கலங்களின் மென்சவ்வில் ஓமோனை ஏற்கும் வாங்கிப் புரதம் ஒன்றுண்டு. ஓமோன் அதனுடன் இணையும்போது கலம் யூமெலனினைக் கூடுதலாக ஆக்கும். வாங்கி சரிவரச் செயற்படாவிடின் பியோமெலனினே மிகும். இவ்வாங்கிக்குரிய எம்.சீ.1ஆர் என்னும் பரம்பரையலகு 16ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. இதன் மாற்றுருக்களுக்கும் செம்முடிக்குமுள்ள தொடர்பைப் பிரித்தானிய ஆய்வாளர் 1995இல் வெளியிட்டனர். 317 அமினோவமிலங்களால் ஆன அப்புரதத்தில், 151ஆம் இடத்தில் ஆர்ஜினீனுக்குப் பதிலாகச் சிஸ்ரீன் அமைதல் போன்ற ஒற்றை மாற்றமே வாங்கியின் செயலைக் குன்றச் செய்யப் போதியது. 2018இல் வெளியான பேராய்வு பிற பரம்பரையலகுகளும் இதிற் பங்கேற்பதைக் காட்டிற்று. இரு பெற்றோரிடமிருந்தும் மாற்றுருவைப் பெற்ற அனைவருக்கும் செம்முடி வாய்ப்பதில்லை என்பதும் அதனால் உறுதியாயிற்று.

இம்மாற்றுருக்கள் பரவியமைக்குக் காரணம் யாது? ஆபிரிக்க மக்களிடையே இப்பரம்பரையலகு ஏறத்தாழ மாறாது பேணப்பட்டுள்ளது என 2000இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. கடும் வெயிலில் கருநிறப்பொருள் இன்றியமையாதது. அது குன்றியோர் இயற்கைத் தேர்வில் நிலைத்தல் அரிது. வெயில் குறைந்த வடபுலத்தில் அக்கட்டுப்பாடு தளர, மாற்றுருக்கள் நிலைத்தன என்பது அவ்வாய்வாளரின் விளக்கம். பொலிவுக்காகவோ வீரத்துக்காகவோ இயற்கை செம்முடியைத் தேர்ந்தது எனக் கொள்ள இதில் இடமில்லை. இம்மாற்றுருக்களை உடையோர் வெயிலில் எளிதிற் புண்படுவதும், தோற் புற்றுநோய்க்கு மிகுதியாக ஆளாவதும் இம்மரபின் மறுபக்கமாகும். நியண்டதால் மனிதரிடமும் இப்பரம்பரையலகின் மாற்றுருவொன்று இருந்தமை 2007இல் அறியப்பட்டது. அது இன்றைய மனிதரிடம் காணப்படுவனவற்றின் வேறானது. ஆகவே இன்றைய செம்முடியை அவர்களது எச்சமெனக் கூறுதல் பொருந்தாது.

செம்முடியினர் விரைவில் அற்றுப்போவர் எனப் பத்திரிகைகள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதின. பின்னிடைவான இயல்பு வெளிப்படாதிருத்தல் வேறு, அழிந்துபோதல் வேறு என்பதை 1908இல் ஜேர்மன் வைத்தியர் வைன்பேர்க்கும், பின்னாளில் இராமானுஜனின் ஆசானாகவும் துணைவராகவும் அறியப்பட்ட ஹார்டியும் தனித்தனியே நிறுவினர். எளிமைக்காக ஒற்றை மாற்றுருவைக் கொள்வோமாயின், நூற்றுக்கு நால்வர் செம்முடியினராயுள்ள சமூகத்தில் வேறு 32 பேர் அதனை வெளித்தோற்றாது தாங்கியிருப்பர். புறத்தே கருமுடி உடையோரும் அகத்தே இம்மரபைக் கொண்டிருத்தல் கூடுமாதலின், முடி நிறத்தால் மக்களைப் பிரித்தெண்ணிய பெடோவின் சுட்டெண் இங்கு அடிப்படை இழக்கின்றது.

எனினும் அறிவியல் விளக்கம் மாத்திரம் பழைய எண்ணங்களை அகற்றிவிடுவதில்லை. பிரித்தானியப் பாடசாலைகளில் செம்முடிச் சிறுவர் ஏளனத்துக்குள்ளாதல் இன்றும் உண்டு. மறுபுறம், 2005இல் நெதர்லாந்தின் அஸ்ரென் நகரில் ஓவியரொருவர் செம்முடி மாதிரிகள் பதினைவரைத் தேடி விளம்பரம் செய்ய, ஏறத்தாழ 150 பேர் முன்வந்தனர். அதிலிருந்து செம்முடியினர் ஆண்டுதோறும் கூடும் விழாவொன்று வளர்ந்தது. பிறரால் நோக்கப்பட்டோர் தம்மைத் தாமே நோக்கத் தலைப்பட்டமை இவ்வரலாற்றின் புதிய நிலையாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, செம்முடியின் பொருள் முடியிலிருந்து பிறந்ததன்று. வென்றவனும் தோற்றவனும், பெரும்பான்மையும் சிறுபான்மையும், ஓவியனும் மாதிரியும் ஒருவரையொருவர் எதிர்கொண்ட உறவுகளிலிருந்து பிறந்தது. ஆதலின், வரலாற்று மூலமொன்றில் ஒரு மக்களின் முடியோ தோலோ முகமோ வருணிக்கப்படுமிடத்து, அவ்வருணனை அம்மக்களைப் பற்றிக் கூறுவது யாது என வினவுமுன், அதனை எழுதியவர் யார், எந்நிலையில் நின்று அவர்களை நோக்கினார் என வினவுதல் வரலாற்று மாணவரின் முதற்கடமையாகும்.