கத்திப்பாராவின் பாட்டன்

கத்திப்பாரா மேம்பாலத்தில் ஓர் இடத்தில் எனக்கு இன்றும் ஸ்டியரிங்கில் கை இறுகும். வளையத்தைச் சுற்றி வந்து பெரிய சாலையில் சேரும் இடம் அது. நாம் வலது பக்கம் நகரப் பார்ப்போம். அடுத்த வளையத்தில் இறங்க வேண்டியவர் அதே நேரத்தில் நமக்கு முன்னால் இடது பக்கம் வெட்டுவார். கொஞ்ச தூரத்துக்குள் இரண்டு பேரும் இடம் மாறியாக வேண்டும்.

மேம்பாலம் 2008-ல் திறந்தது. இந்தச் சிக்கல் அதைவிட ரொம்பப் பழையது. அமெரிக்காவில் மேரிலாந்துக்காரரான ஆர்தர் ஹேல் என்பவர் இந்த நாலு இலை வடிவத்துக்கு 1916 பிப்ரவரி 29-ல் காப்புரிமை வாங்கினார். (நாலு வருஷத்துக்கு ஒருமுறை வரும் தேதி!) 1929-ல் நியூஜெர்சி மாநிலத்தின் உட்பிரிட்ஜில் அந்த நாட்டின் முதல் நாலு இலைச் சந்திப்பைக் கட்டினார்கள். சிக்னல் வேண்டாம், போலீஸ்காரர் வேண்டாம், ஒரு வண்டி இன்னொன்றின் குறுக்கே போகவே போகாது. ஆனால் பக்கவாட்டில் வந்து சேருகிற வேலையை டிரைவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

வண்டிகளின் வேகம் கூடக் கூட இது பல்லிளித்தது. நல்ல உதாரணம், லாஸ் ஏஞ்சலஸையும் பாசடீனாவையும் இணைக்கும் அரோயோ செக்கோ பார்க்வே. 1940 டிசம்பர் 30-ல் திறந்தார்கள். மணிக்கு 45 மைல், அதாவது சுமார் 72 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைத்த சாலை. அதில் ஏறும் வழிகள் பலவற்றின் முனையில் 'நில்' என்று பலகை! நின்ற காரைக் கிளப்பி அந்த வேகத்துக்குக் கொண்டுவர, அந்தக் காலத்து எஞ்சினுக்குப் பத்து விநாடிக்குக் குறையாமல் பிடிக்கும். பின்னால் வருகிறவர் அதற்குள் 200 மீட்டர் வந்துவிடுவார். சேருகிறவருக்குத் துணிச்சல் வேண்டும், வருகிறவருக்கு நல்ல பிரேக் வேண்டும். அந்தப் பலகைகள் இன்னமும் அங்கே இருக்கின்றன. இடமில்லை, இரண்டு பக்கமும் ஊர் நெருக்கிவிட்டது.

பிறகு வந்த சாலைகளில் பாடம் கற்றுக்கொண்டு, சேரும் இடத்தில் பெரிய சாலையை ஒட்டியே நீளமாக ஒரு தனி லேன் விட்டார்கள். வேகம் பிடிக்க அதுதான் இடம். ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவன் கூடவே நாலு எட்டு ஓடித்தானே கம்பியைப் பிடிக்கிறான்? அதே கணக்குதான்.

லேன் போட்டால் மட்டும் போதாது, அது எதற்கென்று டிரைவருக்கும் தெரிய வேண்டும். ஜெர்மனியில் ஒரு லேன் முடிகிற இடத்தில் ஜிப் பல் போல இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறிப் போக வேண்டும். அது அங்கே மரியாதை அல்ல, சட்டம். எனக்கு லைசென்ஸ் கொடுத்தவர்கள் எட்டுப் போடச் சொன்னார்கள், கை சிக்னல் கேட்டார்கள். ஓடுகிற வண்டிகளுக்கு நடுவே எப்படிச் சேருவது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பேரனுக்கும் அதே எட்டுதான்.

உட்பிரிட்ஜில் இருந்த அந்த முதல் நாலு இலை இப்போது இல்லை. அதை மாற்றி வேறு மாதிரி கட்டிவிட்டார்கள்.