குடலுக்குள்ள ஒரு பிரேக்: குட்டி த்ரெட்

1/ பெருங்குடல் அழற்சியோட ஓ.பி.க்கு வர்றவங்க அடிக்கடி கேக்கறது: "டாக்டர், எதிர்ப்பு சக்தி ஏற ஏதாவது எழுதிக் கொடுங்க." அவங்க பிரச்சினையே எதிர்ப்பு சக்தி அடங்காததுதான். அதை அடக்கற செல்லைக் கண்டுபிடிச்ச கதை இது.

2/ 1949. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம். சில ஆண் சுண்டெலிக் குட்டிகளுக்குத் தோல் செதில் செதிலா உரிஞ்சு, மண்ணீரல் வீங்கி, சில வாரத்துலயே செத்துப்போச்சு. எந்த மரபணு கெட்டதுன்னு அரை நூற்றாண்டு தெரியல.

3/ 1993. ஃபியோனா பவ்ரி குழுவினர், டி செல், பி செல் இல்லாத சுண்டெலிகளுக்கு, நல்லா இருக்கற சுண்டெலியோட டி செல்லில் ஒரு வகையை மட்டும் செலுத்தினாங்க. பெருங்குடல் புண்ணாச்சு. இன்னொரு வகையையும் சேர்த்துக் கொடுத்தப்போ? குடல் தப்பிச்சுது! அப்போ அந்த ரெண்டாவது வகைக்குள்ள ஏதோ பிரேக் இருக்கு.

4/ 1995. ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி அந்த பிரேக் செல்லுக்கு அடையாளம் சொன்னார்: மேல்பரப்புல சிடி25. இன்னிக்கு நாம சொல்ற டி-ரெக்.

5/ 2001. மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ரெண்டு பேரும் ஓக் ரிட்ஜ் சுண்டெலியோட பழுதைப் பிடிச்சாங்க. ஃபாக்ஸ்பி3 மரபணு. அதே மரபணு கெட்டுப் பிறக்கற ஆண் குழந்தைக்கு நிக்காத வயிற்றுப்போக்கு, சர்க்கரை நோய், தோல் அழற்சி. டி-ரெக் உருவாகவே ஃபாக்ஸ்பி3 வேணும்னு 2003ல் தெரிஞ்சுது. 2025ல் சகாகுச்சி, பிரங்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும் நோபல்.

6/ நம்ம குடல்ல கோடானுகோடி பாக்டீரியா. கூடவே தினம் போற சோறு, குழம்பு. எல்லாமே உடம்புக்கு வெளியாள்தான். அத்தனை பேர்கிட்டயும் சண்டை போடாம இருக்கறதுக்கு டி-ரெக் ஒரு முக்கியக் காரணம்.

7/ அதனால, பெருங்குடல் அழற்சிக்கு நாங்க தர்ற மாத்திரை எதிர்ப்பு சக்தியை அடக்கத்தான். பூஸ்டர் பொடியை நம்பி அதை நீங்களா நிறுத்தாதீங்க. சந்தேகம்னா வந்து கேளுங்க, திட்ட மாட்டோம்.