தீப்பட்ட சிறாரின் நோவு: ஒரு வரலாற்றுக் குறிப்பு

பச்சிளங் குழந்தைகள் நோவை முழுமையாய் உணர்வதில்லை என்னும் எண்ணம் மருத்துவ உலகில் நெடுங்காலம் நிலவிற்று. அது தவறென்பதை 1987ஆம் ஆண்டில் ஆனந்த், ஹிக்கி ஆகிய மருத்துவர் இருவர் சான்றுகளுடன் நிறுவினர்.

தீப்புண்ணில் கொடிய வேளை கட்டு மாற்றும் வேளையே. உலர்ந்த துணி புண்ணோடு ஒட்டிக்கொள்ள, அதை உரிக்கையில் பிள்ளை துடிக்கிறது. பம்பாயில் கேஸ்வானி முதலிய மருத்துவர்கள் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைத் துணியில் பதித்துக் கட்டி, 1985இல் அதுபற்றி எழுதினர். ஈரங்காக்கும் அத்தோல் ஒட்டாமையால் கட்டை அகற்றுதல் எளிதாயிற்று. தூய்மையாக்கிய வாழையிலையும் இவ்வகையதே.

மனத்தைத் திருப்புதல் மற்றொரு வழி. சியாட்டில் நகரில் ஹாஃப்மன், பாட்டர்சன் முதலியோர், தீப்புண்பட்ட வளரிளம் பருவத்தினர் இருவரைக் கணினி படைத்த மாய உலகில் ஈடுபடுத்திச் சிகிச்சை செய்தபோது நோவு தணிந்ததை 2000இல் வெளியிட்டனர். கதையும் பாட்டும் செய்வது இதுவன்றோ? எனினும் இவை மருந்துக்குத் துணையேயன்றி மாற்றல்ல.

கும்பகோணம் பள்ளித் தீயில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகள் மாண்டதை நினைக்கும் நாம், பிழைத்தோர் பட்ட நோவையும் நினைத்தல் வேண்டும். நெம்மேலி போன்ற கடற்கரைச் சிற்றூர்ப் பிள்ளையொன்று தீப்புண்ணோடு கிடக்கையில், "பொறுத்துக்கொள்" என்று போதிப்பதினும், செவிலியர் இசைவோடு அருகமர்ந்து கதை சொல்லுதலே போதகர்க்குரிய மேலான ஊழியம்.