திருவானைக்காவலும் 1.4 என்ற எண்ணும்

நண்பர்களே, ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போவோமே, ஞாபகம் இருக்கா? வழியில் வரும் திருவானைக்காவலில்தான் 1888-ல் சர் சி.வி. ராமன் பிறந்தார். அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர், 1930-ல் 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். எரிந்து அடங்கிய நட்சத்திரம் வெள்ளைக் குள்ளனாக நிலைத்து நிற்க எடைக்கு ஒரு வரம்பு உண்டு என்று பயணத்திலேயே கணக்குப் போட்டார். அந்த வரம்பு சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. மிஞ்சினால் உள்ளுக்குள் சரியும். மிகப் பெரிய நட்சத்திரமானால் கருந்துளையே ஆகிவிடும்.

1935-ல் லண்டன் சபையில் எடிங்டன் அதைக் கேலி செய்தார். சந்திரசேகர் சளைக்கவில்லை. நோபல் பரிசு வந்ததோ 1983-ல்!

பரீட்சைக்கு அந்த 1.4-ஐ உருப்போட்டு மார்க் வாங்கியவன் நான். அதற்குப் பின்னால் இருந்த 48 வருஷக் காத்திருப்பு, 2019-ல் கருந்துளையின் முதல் படம் வெளியானபோதுதான் எனக்குத் தெரிந்தது. பேரப்பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்லுவோம்.