சம்பள மாலுமிகள் இல்லாத ஒரு நாள்

யாட் என்றாலே நமக்குக் கோடீஸ்வரர்கள்தான் ஞாபகம் வருவார்கள். வரலாறும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. 1660ல் ஆம்ஸ்டர்டாம் நகரம் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு 'மேரி' என்ற படகைப் பரிசளித்தது. அடுத்த வருடமே மன்னரும் அவர் தம்பியும் தேம்ஸ் நதியில் 100 பவுண்டு பந்தயம் கட்டிப் படகு விட்டார்கள்!

அதன் பிறகு இரண்டு நூற்றாண்டுகள் கழித்தும் பெரிய யாட்களில் நிலைமை அதிகம் மாறவில்லை. முதலாளி ரசிப்பார், சம்பள மாலுமிகள் கயிறு இழுப்பார்கள். இதை மாற்றிக் காட்டியவர்களில் ஒருவர் ரிச்சர்ட் டரல் மக்முல்லன். தொழில்? பங்குத் தரகர். (காமர்ஸ் மாணவர்கள் கவனிக்க!) 1850ல் 'லியோ' என்ற 20 அடிப் படகோடு தொடங்கி, இங்கிலாந்துக் கரையோரமாகப் பல ஆண்டுகள் சுற்றினார். அந்த அனுபவங்களை 1869ல் 'டவுன் சேனல்' என்ற புத்தகமாக வெளியிட்டார்.

இப்படிப்பட்ட சிறிய பாய்ப் படகுகளில் எஞ்சின் இல்லாத காலம் அது. ஒரு நாள் நல்லபடியாக அமைய வேண்டுமானால் கணக்குத் தெரிய வேண்டும். இங்கிலீஷ் கால்வாயில் கடலோட்டம் சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறும். மணிக்கு 2 கடல் மைல் ஓட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான நேரத்தில் நங்கூரம் எடுத்தால் 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டர் இலவசம். நேரம் தவறினால் அதே தூரம் நஷ்டம். பாய் விரிந்திருக்கும், ஆனால் கரையில் தெரியும் தேவாலயக் கோபுரம் நகரவே நகராது.

1877ல் ஷெர்பர்க் துறைமுகத்தில் மக்முல்லன் தன் இரண்டு பணியாளர்களையும் வேலையை விட்டு அனுப்பினார். சுமார் 20 டன் அளவுள்ள 'ஓரியன்' யாட்டைத் தனி ஆளாகவே இங்கிலாந்துக்கு ஓட்டி வந்தார்.

வேலையைப் பிரித்துக் கொடுத்தால் லாபம் என்று நம் பாடப்புத்தகம் சொல்கிறது. இங்கே அது தலைகீழ். வேலையை அடுத்தவரிடம் கொடுத்தால் சந்தோஷமும் அவரோடு போய்விடுகிறது. ஆனால் ஒன்று... இந்தக் கதையை எழுதியவர் முதலாளி. வேலை இழந்த அந்த இருவருக்கும் அன்று கணக்கு எப்படி முடிந்திருக்கும்?

1880ல் லண்டனில் ஆர்தர் அண்டர்ஹில் குரூயிஸிங் கிளப்பைத் தொடங்கினார். பந்தயம் அல்ல, பயணமே அதன் நோக்கம். மக்முல்லன் 1891 ஜூனில், 'பெர்சியஸ்' என்ற படகில் தனியாகப் போகும்போது இறந்தார். படகைக் கண்டுபிடித்தவர்கள் பிரெஞ்சு மீனவர்கள். கடலுக்குப் போவது அவர்களுக்கு விடுமுறை அல்ல, அன்றாடப் பிழைப்பு.