துண்டும் தகரச் சீட்டும்



பிற நாட்டிலிருந்து ஒருவரை வேலைக்கு அழைக்க விரும்பும் முதலாளி முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, அவரை எந்தப் பத்திரத்தின்மேல் அழைப்பது என்பதேயாகும். குறுகிய கால அனுமதியா, வதிவிட விசாவா, குடும்பத்தோடு வந்து தங்க இடந்தரும் அனுமதியா என்று இக்காலத்திற் பல வகைகள் உண்டு. செலவு குறைந்ததும் விரைவிற் கிடைப்பதும் எதுவோ அதுவே தக்கது என்று பலர் கருதுவர். அலுவலக மேசையொன்றில் முடிந்துவிடும் சிறு காரியமாகவே இது தோன்றும். ஆயினும், அவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்ட பத்திரம் பல தலைமுறைகளின் வாழ்வையே நிருணயித்த வரலாறு நமது நாட்டில் உண்டு. அதனையே இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

1834 ஆம் ஆண்டில் பிரித்தானியப் பேரரசில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்ட முதலாளிமார் வேலையாட்களுக்காக இந்தியாவை நோக்கினர். மொரீசியசுக்கு அவ்வாண்டிலும், நாத்தாலுக்கு 1860 இலும், பீஜித் தீவுகளுக்கு 1879 இலும் ஆட்கள் கப்பலேறினர். அவர்கள் கைநாட்டு வைத்துச் சென்றது ஐந்தாண்டு ஒப்பந்தம். ‘அக்ரிமென்ட்’ என்ற ஆங்கிலச் சொல் அவர்கள் வாயில் ‘கிர்மிட்’ என்று திரிந்தது. ஒப்பந்தத்தை மீறியவனுக்குச் சிறைவாசம் காத்திருந்தது. அது கொடிய முறையே. எனினும், இத்தனை ஆண்டு வேலை, இவ்வளவு கூலி, இன்ன காலத்தின்பின் ஊர் திரும்பலாம் என்பவை எழுத்தில் இருந்தன. முடிவு எப்போது என்பது தொழிலாளிக்குத் தெரிந்திருந்தது.

இலங்கையின் கோப்பித் தோட்டத் துரைமார் இம்முறையை விரும்பவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. கோப்பிப் பழம் பறிக்கும் வேலை ஆண்டிற் சில மாதங்களே நிறைந்து நிற்கும். தமிழ்நாட்டுக் கரையோ மிக அருகில் இருந்தது. பருவம் வந்தால் ஆட்கள் கடலைக் கடந்து, காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாக வருவர். பருவம் முடிந்தால் மீள்வர். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். ஐந்தாண்டுக்கு ஆளை வைத்துச் சோறு போடும் செலவு எதற்கு என்பதே துரைமாரின் கணக்கு. ஆகவே அவர்கள் மாத ஒப்பந்தத்தைத் தெரிந்தெடுத்தனர். 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் இதனை உறுதிசெய்தது. வாய்ச்சொல்லாற் செய்த ஒப்பந்தம் ஒரு மாதத்துக்குரியது. முன்னறிவித்தல் கொடுக்கப்படாவிடின் அது மாதந்தோறும் தானே புதுப்பிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.

மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் ஐந்தாண்டுத் தளையினும் ஒரு மாதத் தளை இலேசானதன்றோ? இவர்கள் சுதந்திரத் தொழிலாளர் என்றே அக்காலத்தவர் எழுதினர். ஆனால், சொல்லாமல் வேலையை விட்டுச் செல்வது சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகவே இருந்தது. அதனினும் வலிய தளை கடன். கங்காணி ஊருக்குச் சென்று முற்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பான். வழிச்செலவும் அரிசியும் துணியும் தொழிலாளியின் கணக்கில் ஏறும். தோட்டத்தில் கால் வைக்கும்போதே அவன் கடனாளி.

இந்தக் கடனிலிருந்து பிறந்ததே ‘துண்டு’. வேறு தோட்டத்துக்குப் போக விரும்புவோரை, இவ்வளவு தொகை செலுத்தினால் விடுவிக்கச் சம்மதம் என்று துரை ஒரு காகிதத் துண்டில் எழுதிக் கொடுப்பார். கங்காணி அதனைக் கையில் எடுத்துக்கொண்டு தோட்டந்தோட்டமாகச் செல்வான். தொகையைக் கொடுக்க முன்வரும் தோட்டத்துக்கு ஆட்கள் கூட்டமாக மாறுவர். மாறும்போதெல்லாம் தொகை பெருகும். எழுத்தறியாத தொழிலாளிக்கோ தன் தலையில் எழுதப்பட்ட தொகை எவ்வளவு என்பதே தெரியாது. மாத ஒப்பந்தம் விட்டுக்கொடுத்த சுதந்திரத்தைத் துண்டு பறித்துக்கொண்டது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மற்றொரு சீட்டு வந்தது. 1904 ஆம் ஆண்டில் தோட்ட முதலாளிமார் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழில் ஆணையகத்தை நிறுவி, ஆள் சேர்க்கும் பணியை ஒழுங்குபடுத்தினர். அக்காலத்தில் வழங்கிய தகரச் சீட்டில் தோட்டத்தின் எண்ணும் ஆளுக்குரிய எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. அதனைக் காட்டினால் வழிப்பயணம் இலவசம். செலவு தோட்டத்தின் கணக்கிற் சேரும். வழியில் ஆள் தவறிப்போகாதிருக்க இது உதவியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அத்தகரத்தில் அவன் பெயர் இல்லை, ஊர் இல்லை. எந்தத் தோட்டத்துக்கு உரியவன் என்பது மாத்திரமே இருந்தது.

சீர்திருத்தம் மெல்ல மெல்ல வந்தது. 1921 ஆம் ஆண்டில் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. வேலையை விட்டுச் சென்றதற்காகச் சிறையிடும் விதியும் நீங்கியது. 1922 ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டமும், அதனையடுத்து 1923 ஆம் ஆண்டில் இலங்கையில் இயற்றப்பட்ட இந்தியத் தொழிலாளர் சட்டமும், ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியின் தலையில் ஏற்றும் வழக்கத்தை நிறுத்தின. இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் கண்டியில் அமர்ந்தார். 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்சக் கூலியை வகுத்தது. இவை யாவும் போற்றத்தக்கவை.

ஆனால் இச்சீர்திருத்தங்கள் தொடாத ஒன்று இருந்தது. 1869 ஆம் ஆண்டிற் காணப்பட்ட இலைநோயால் கோப்பி அழிந்து, அதனிடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. அதனைப் பறிக்க ஆண் மட்டுமன்றிப் பெண்ணும் வேண்டும்; குடும்பமே வேண்டும். பருவத்துக்கு வந்து மீண்டவர்கள் லயங்களிற் குடியமர்ந்தனர். பிள்ளைகள் இங்கே பிறந்தனர். பெற்றோர் இங்கேயே மடிந்தனர். தொழில் நிரந்தரமாயிற்று. பத்திரமோ கோப்பிக் காலத்து மாதக் கணக்கிலேயே நின்றது. தங்கியிருப்போர் யார், அவர்களுக்கு இந்நாட்டில் எவ்வுரிமை உண்டு என்பதை எந்தச் சீட்டும் சொல்லவில்லை. 

1939 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இந்திய அரசாங்கம் இலங்கைக்குத் தொழிலாளர் வருவதைத் தடைசெய்தது. சுதந்திரத்தின்பின் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்தது மட்டும் போதாது. தந்தையோ, அன்றேற் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்திருத்தல் வேண்டும் என்றது. குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்ததும் கடவுச்சீட்டும் விசாவும் அவசியமாயின. அவ்வாண்டின் 3 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பிரஜாவுரிமை கோரியோர், 1946 ஜனவரிக்கு முன் மணமானவராயின் ஏழு ஆண்டும், மணமாகாதவராயின் பத்து ஆண்டும் இடைவிடாது வசித்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. துண்டும் தகரச் சீட்டும் அதற்கு எவ்வாறு சான்றாகும்? விண்ணப்பங்களில் அடங்கியோர் ஏறக்குறைய 8 இலட்சம் பேர். பிரஜாவுரிமை பெற்றோர் ஏறக்குறைய 134,000 பேரே.

எஞ்சியோரின் நிலையை 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எண்களால் தீர்த்தது. 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்கும்; 150,000 பேர் பின்னர் பார்க்கப்படுவர். 1974 இல் அவர்களும் பாதிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். குடும்பங்கள் பிரிந்தன. 1988 ஆம் ஆண்டின் சட்டமும், 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமுமே நாடற்றோராக எஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை அளித்தன.

நேயர்களே, இது பழங்கதை அன்று. நம்மவர் பலர் தொழில் தேடிச் செல்லும் வளைகுடா நாடுகளில் தொழிலாளியின் அனுமதிப்பத்திரம் நெடுங்காலமாக முதலாளியின் பெயரோடு பிணைக்கப்பட்டிருந்தது. ‘ஆட்சேபனையில்லை’ என்று பழைய முதலாளி கடிதம் தராவிடின் கத்தாரில் வேறு வேலைக்கு மாற இயலாதிருந்தது. அக்கடிதம் நமது துண்டின் உடன்பிறப்பேயன்றி வேறில்லை. 2020 ஆம் ஆண்டிலேயே அந்நாடு அந்நிபந்தனையைச் சட்டத்தினின்றும் நீக்கியது. நாம் 1921 இல் நீக்கியதற்கும் இதற்கும் இடையே ஒரு நூற்றாண்டு சென்றது.

எனவே, பிற நாட்டாரை வேலைக்கு அழைப்போர், எது மலிவு, எது விரைவு என்பதோடு வேறு சில கேள்விகளையும் கேட்டல் தகும். வேலை நிரந்தரமானதாயின் பத்திரமும் அதற்கேற்ற காலத்தை உடையதா? வரவழைக்கும் செலவு யார் தலையில் விழுகின்றது? வந்தவர் வேறிடத்தில் வேலை தேட விரும்பினால் தடுப்பது யார்? அவர் குடும்பத்தைப் பற்றி அப்பத்திரம் என்ன சொல்கின்றது? இங்கே அவர் வாழ்ந்த ஆண்டுகளுக்கு நாளை அது சான்றாகுமா? இவற்றுள் எந்தக் கேள்வியையும் கோப்பித் துரைமார் கேட்கவில்லை. அவர்கள் கேளாது விட்டவற்றுக்கு விடை காண இரண்டு நாடுகளுக்கும் 2003 ஆம் ஆண்டு வரை சென்றது. விலை கொடுத்தவர்களோ மலைநாட்டு லயங்களில் வாழ்ந்த மக்கள்.