எது அறிவு? கிள்ளான் பள்ளத்தாக்கின் கிராணியும் பால்மரத் தொழிலாளியும்

'செயற்கை நுண்ணறிவு' என்னும் சொல்லாட்சி இன்று தமிழாசிரியர் பட்டறைகளிலும் இயல்பாக வழங்குகின்றது. 'செயற்கை' என்பதன் பொருளில் நமக்கு ஐயமில்லை. 'நுண்ணறிவு' என்பதன் பொருளே ஆராயத்தக்கது. 1955ஆம் ஆண்டில் ஜான் மெக்கார்த்தி உள்ளிட்ட நால்வர் டார்ட்மத் கல்லூரி ஆய்வரங்கிற்காக வரைந்த முன்மொழிவில் இத்துறை பெயர் பெற்றது. மனிதர் செய்தால் எதனை அறிவுள்ள செயல் என்போமோ, அதனை இயந்திரம் செய்யுமாறு ஆக்குதலே நோக்கம் என அவர்கள் வகுத்தனர். இவ்வரையறை முழுவதும் ஒரு மதிப்பீட்டின்மேல் நிற்கின்றது. மனிதச் செயல்களுள் எவை அறிவுடையவை என்று அழைக்கப்பட்டன? அழைத்தவர் யார்? இவ்வினாக்களைக் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் தொழில் வரலாற்றில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோலாலம்பூரைக் கிள்ளானோடு இணைத்த இருப்புப்பாதை 1886இல் திறக்கப்பட்டது. செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ், இரயில்வேப் பணிமனையும் ஊழியர் குடியிருப்புகளும் நிறைந்த பகுதியாக வளர்ந்தது. ஆங்கிலக் கல்வி பெற்ற யாழ்ப்பாணத் தமிழர் பலர் அங்கு எழுத்தர்களாகப் பணியாற்றினர். தோட்டங்களில் இதே வகைப் பணியைச் செய்தவர் 'கிராணி' எனப்பட்டார். வருகைப் பதிவு, பாலின் அளவு, கூலிக் கணக்கு ஆகியவை அவர் கையில் இருந்தன. எழுதவும் கூட்டவும் தெரிந்த அக்கைக்கு மாதச் சம்பளமும் தனி வீடும் மரியாதையும் கிடைத்தன.

கிராணி பெயரைப் பதிந்த பின்னர் நிரைக்குள் சென்றவர் என்ன செய்தார்? இரப்பர் மரப்பட்டையின் உட்பகுதியில் பால் குழாய்கள் சற்றே சாய்ந்து சுற்றிச் செல்கின்றன. ஆதலால் வெட்டுக்கோடு இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாகச் சரிந்து வருதல் வேண்டும். ஒரு முறைக்குச் சீவப்படும் பட்டையின் கனம் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர். உளி மேலோட்டமாகச் சென்றால் பால் குன்றும்; சிறிது ஆழ்ந்துவிட்டால் வளர்திசு காயம்படும். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக எழும். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் அப்பக்கத்தை வெட்ட வரும்போதுதான் அன்றைய பிழையின் விலை தெரியும். வளர்திசுவைக் கண்ணால் காண இயலாது. உளி முனையில் பட்டை தரும் எதிர்ப்பைக்கொண்டு கை அறிந்து நிற்க வேண்டும். அதுவும் பால் நன்கு சுரக்கும் விடியற்பொழுதில், விளக்கொளியில், ஒன்றைப்போல் ஒன்றில்லாத சில நூறு மரங்களில், மரத்துக்குச் சில நொடிகளே செலவிட்டு. மரத்தைக் கெடுக்காது பால் எடுக்கும் முறையை வகுத்தவரென ரிட்லியின் பெயரை நூல்கள் போற்றுகின்றன, அது தகும். அம்முறையைக் கையில் வாழவைத்தவர்களின் பெயரைத் தேடுவோர் பெரட்டுப் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும்.

குடியேற்ற ஆட்சிக்கு இது அறிவாகத் தோன்றவில்லை. அடங்கி நடப்பவர், தேர்ச்சியற்றவர் என்னும் அடைகளே தென்னிந்தியத் தொழிலாளர்க்குக் கிட்டின. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. எனினும் அப்பள்ளிகள் தொடக்கக் கல்வியைத் தாண்டவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் போன்றோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு பிள்ளைகளுக்கு முறையான கல்வியும் கேட்டனர். துரையின் முன்னிலையில் மிதிவண்டியிலிருந்து இறங்காது செல்லும் உரிமையும் அக்கோரிக்கைகளுள் ஒன்று. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார்.

இனி இயந்திரத்திடம் வருவோம். 1956இல் நியூவெல், சைமன், ஷா ஆகியோரின் நிரல் ஏரணத் தேற்றங்களை நிறுவிக் காட்டியது. 1997இல் சதுரங்கத்தில் காஸ்பரோவ் தோற்றார். கூட்டல், பதிதல், வகைப்படுத்தல் ஆகிய கிராணியின் பணிகளோ கணிப்பொறி கைப்பற்றிய முதற் பணிகள். ஆய்வாளர் ஹான்ஸ் மொராவெக் 1988இல் இதனை ஒரு முரணாகச் சுட்டினார்: அறிஞர்க்குக் கடினமானவை இயந்திரத்திற்கு எளியனவாக, தொடுதலும் நடத்தலும் பார்த்தலும் அதற்கு அரியனவாக உள்ளன. பால்மரம் வெட்டும் இயந்திரங்களைச் சீனாவிலும் மலேசியாவிலும் முயன்று வருகின்றனர். எனினும் பெரும்பாலான மரங்களை இன்றும் வெட்டுவது மனிதக் கையே.

தொல்காப்பிய மரபியலை அறிந்தார்க்கு இம்முரண் வியப்பளிக்காது. அங்கு உயிர்களின் அறிவு தொடுதலில் தொடங்குகின்றது. சுவை, மணம், காட்சி, கேள்வி ஆகியவற்றைக் கடந்தே ஆறாவதாக மனம் வருகின்றது. டார்ட்மத் அறிஞரின் பார்வையோ பெரிதும் ஆறாவதன்மேல் பதிந்திருந்தது. இதனால் கிராணியின் அறிவு போலி என்பது நம் கருத்தன்று. மொழியால் வினவி மொழியால் மதிப்பிடும் பல்கலைக்கழகத்தாராகிய நாமும் அவர் வரிசையிலேயே நிற்கிறோம். 2022இன் இறுதியில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் நமக்கு நேர்ந்த கலக்கம் அதற்குச் சான்று.

பி.பி. வகை இரப்பர்க் கன்றுகளால் உலகறிந்த பிராங் பெசார் தோட்டம் இருந்த இடத்தில் 1990களில் புத்ராஜெயா எழுந்தது. அருகிலேயே தகவல் தொழில்நுட்ப நகராகச் சைபர்ஜெயா அமைந்தது. தோட்டக் குடும்பங்கள் டெங்கிலுக்கு இடம் மாற்றப்பட்டன. இயந்திரங்கள் இன்று தமிழ் கற்பது எழுதிவைக்கப்பட்ட தமிழிலிருந்து. நிரை, மங்கு, கோட்டுப்பால், பெரட்டு ஆகிய சொற்கள் நம் நாவல்களில் ஓரளவு பதிவாகியுள்ளன. உளி ஆழ்ந்துவிட்டதைக் கை எவ்வாறு உணர்ந்தது என்பதற்கு அவர்கள் வழங்கிய சொற்களை நாம் முறையாகத் தொகுக்கவில்லை. அச்சொற்களை அறிந்தோர் கிள்ளானிலும் டெங்கிலிலும் முதுமை எய்தியுள்ளனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர்.